சோனிக் த ஹெட்ஜ்ஹாக் (2006 நிகழ்பட ஆட்டம்)

சோனிக் த ஹெட்ஜ்ஹாக் என்பது ஜப்பானின் சேகா நிறுவனம் 2006 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட முப்பரிமாண நிகழ்பட ஆட்டம் ஆகும். சேகாவின் சோனிக் டீம் பிரிவு இதை உருவாக்கியது. நீல நிற முள்ளெலியான சோனிக்கை நாயகனாகக் கொண்ட ஆட்டத்தொடரின் 15 ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி இது வெளிவந்தது. 1991 இல் வந்த முதல் ஆட்டத்தின் பெயரையே இதற்கும் சூட்டினார்கள். தொடரைப் புதிய தலைமுறைக் கருவிகளில் புதிதாகத் தொடங்கி வைப்பதே நோக்கம். ஆனால் முற்றுப்பெறாத நிலையில் விற்பனைக்கு வந்த ஆட்டம் என்றே இது இன்று நினைவுகூரப்படுகிறது. பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க, ஆட்டக்காரர்கள் இதைச் 'சோனிக் 06' என்று அழைப்பது வழக்கம்.

சுருக்கக் குறிப்பு

உருவாக்கம்: சோனிக் டீம்
வெளியீடு: சேகா
கருவிகள்: எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3
வட அமெரிக்க வெளியீடு: 14 நவம்பர் 2006 (எக்ஸ்பாக்ஸ் 360), 30 ஜனவரி 2007 (பிளேஸ்டேஷன் 3)
வகை: பிளாட்ஃபார்ம், சாகசம்

பின்னணி

நிகழ்பட ஆட்டங்களில் பிளாட்ஃபார்ம் வகை என்பது மிகப் பழையது. திட்டுக்குத் திட்டு தாவி, பள்ளங்களைக் கடந்து, எதிரிகளைத் தவிர்த்தோ மிதித்தோ முன்னேறுவது இவ்வகையின் அடிப்படை. 1981 இல் வந்த டாங்கி காங், 1985 இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆகிய இரண்டும் இதற்கு இலக்கணம் வகுத்தவை. இவை இரண்டும் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஆட்டங்கள்.

நிண்டெண்டோவுக்குப் போட்டியாக நின்ற சேகாவுக்கு, மாரியோவுக்கு ஈடான ஒரு நாயகன் தேவைப்பட்டது. நிரலாளர் யூஜி நாகா, ஓவியர் நாவோட்டோ ஓஷிமா, கட்டங்களை வடிவமைத்த ஹிரோகாசு யசுஹாரா ஆகியோரின் உழைப்பில் 1991 ஜூனில் சோனிக் பிறந்தது. வட அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்றும் பிற நாடுகளில் மெகா டிரைவ் என்றும் விற்கப்பட்ட சேகா கருவிக்காக அது எழுதப்பட்டது.

அந்த முதல் ஆட்டத்தின் சிறப்பு வெறும் வேகம் அன்று, உந்தம். சரிவில் இறங்கும்போது சோனிக் வேகம் கூடும். மேட்டில் ஏறும்போது வேகம் குறையும். போதிய வேகத்துடன் வந்தால் வட்டப் பாதையில் தலைகீழாகவும் ஓடிக் கடக்கலாம். வேகம் போதாவிட்டால் பாதியிலேயே சறுக்கி விழ நேரும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் ஆற்றல் மாற்றத்தைக் கைவிரல்களால் உணரச் செய்த ஆட்டம் அது. வேகம் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர் பாதையைக் கற்றுக்கொண்டு ஈட்ட வேண்டியிருந்தது.

1990களின் நடுவில் ஆட்டங்கள் முப்பரிமாணத்துக்கு மாறின. 1996 இல் வந்த சூப்பர் மாரியோ 64 அந்த மாற்றத்தை வெற்றிகரமாகக் காட்டியது. மாரியோ நிதானமாக ஓடுபவர். எனவே அவரைத் திறந்த வெளியில் உலவ விடுவது எளிதாக இருந்தது. சோனிக்கின் நிலை வேறு. இருபரிமாணத்தில் இடமிருந்து வலமாக ஓடியவனை, எல்லாத் திசையிலும் விரியும் உலகில் அதே வேகத்தில் ஓடவிட்டால், எதிரே வருவதைப் பார்த்து முடிவெடுக்க ஆட்டக்காரருக்கு நேரமே இருக்காது. 1998 இன் சோனிக் அட்வெஞ்சர், 2001 இன் சோனிக் அட்வெஞ்சர் 2 ஆகியவை இந்தச் சிக்கலுக்கு ஓரளவு விடை கண்டன. கேமராவின் கோணம், தடுமாற்றம் பற்றிய குறைகள் அவற்றிலும் இருந்தன. ஆனாலும் பலருக்கு அவை பிடித்திருந்தன.

2001 இல் சேகா தன் டிரீம்காஸ்ட் கருவியின் தயாரிப்பை நிறுத்தி, பிற நிறுவனங்களின் கருவிகளுக்கு ஆட்டம் எழுதும் நிறுவனமாக மாறியது. அதன்பின் வந்த சோனிக் ஹீரோஸ் (2003), ஷேடோ த ஹெட்ஜ்ஹாக் (2005) ஆகியவை கலவையான விமர்சனங்களைப் பெற்றன. தொடருக்குப் புத்துயிர் தேவை என்ற பேச்சு எழுந்த காலம் அது. 2006 ஆம் ஆண்டு ஆட்டத்தின் மீது இருந்த எதிர்பார்ப்பை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கதை

கதை சோலியானா என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது. கால்வாய்கள் சூழ்ந்த இந்நகரம் இத்தாலியின் வெனிசை நினைவூட்டும்படி வரையப்பட்டுள்ளது. அந்நாட்டின் இளவரசி எலிஸ், சூரிய விழாவில் கலந்துகொள்ளும்போது, தொடரின் வழக்கமான எதிரியான டாக்டர் எக்மேன் வந்து அவளைக் கடத்த முயல்கிறார். அவளுக்குள் மறைந்திருக்கும் பேரழிவுத் தீயின் இரகசியம் அவருக்கு வேண்டும். சோனிக் இளவரசியைக் காப்பாற்ற முனைகிறான்.

இதே வேளையில் இன்னும் இரு கதைகள் ஓடுகின்றன. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னான எதிர்காலத்தில் உலகம் தீயில் வெந்து கிடக்கிறது. அங்கிருந்து வரும் சில்வர் என்ற வெள்ளி நிற முள்ளெலி, அந்த அழிவுக்குக் காரணம் சோனிக்தான் என்று தவறாக நம்பவைக்கப்பட்டு அவனைக் கொல்லத் தேடுகிறான். அப்படி நம்பவைப்பவன் மெஃபிலிஸ் என்ற இருள் வடிவம். கருப்பு முள்ளெலியான ஷேடோவோ, அந்த மெஃபிலிஸின் பிறப்பைத் தேடிப் போகிறான்.

மூன்று இழைகளும் இறுதிப் பகுதியில் ஒன்றுகூடுகின்றன. நெருப்பு உருவான இப்லிஸ் இளவரசிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது; அவள் அழுதால் அது விடுபடும். அவளை அழவைப்பதற்காகவே மெஃபிலிஸ் சோனிக்கைக் கொல்கிறான். இப்லிஸும் மெஃபிலிஸும் இணைந்து சோலாரிஸ் என்ற சூரிய தெய்வமாகிக் காலத்தையே விழுங்கத் தொடங்குகின்றன. இளவரசி முத்தமிட, சோனிக் உயிர்த்தெழுகிறான். மூன்று முள்ளெலிகளும் சேர்ந்து சோலாரிஸை வீழ்த்துகின்றன. கடைசியில் சோனிக்கும் எலிஸும் கடந்த காலத்துக்குச் சென்று, சோலாரிஸ் சிறு சுடராக இருக்கும்போதே அதை ஊதி அணைத்துவிடுகிறார்கள். அதனால் நடந்தவை அனைத்தும் நடவாதவையாகின்றன; இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை என்றாகிறது.

தனித்தனியே பார்த்தால் இக்கதையில் நல்ல சரக்கு உண்டு. நாட்டுக்காக அழாமல் இருக்கப் பழகிய பெண், தவறான தகவலால் நல்லவனைப் பகைக்கும் இளைஞன் ஆகிய இரண்டும் வலுவான கருக்கள். ஆனால் காலப்பயணத்தின் முடிச்சுகள் அவிழாமலே விடப்பட்டுள்ளன. காட்டாக, 2005 இல் வந்த சோனிக் ரஷ் ஆட்டத்தில் வேறொரு பரிமாணத்து இளவரசியாக அறிமுகமான பிளேஸ் என்ற பூனை, இங்கே எதிர்காலத்தில் சில்வரின் தோழியாக வருகிறாள். அது எப்படி என்பதற்கு ஆட்டத்தில் விளக்கமில்லை. மேலும், எலிஸை இயல்பான மனித உருவத்தில் வரைந்துவிட்டு, கேலிச்சித்திரப் பாணி முள்ளெலியுடன் அவளைக் காதல் காட்சியில் நிறுத்தியது பலருக்கு ஒட்டவில்லை.

ஆட்டமுறை

ஆட்டக்காரர் சோனிக், ஷேடோ, சில்வர் ஆகிய மூவரின் கதைகளையும் தனித்தனியே ஆடலாம். மூன்றையும் முடித்தால் இறுதிக் கதை திறக்கும். ஆட்டம் இரண்டு வகைப் பகுதிகளாக நடக்கிறது. ஒன்று நகரப் பகுதி: இங்கே சுற்றித் திரிந்து, மக்களிடம் பேசி, அவர்கள் தரும் சிறு வேலைகளைச் செய்யலாம், சேர்த்த வளையங்களைக் கொண்டு கடையில் புதிய திறன்களை வாங்கலாம். மற்றொன்று செயற்கட்டம்: கடற்கரை, பனிமலை, பாலைவனம், காடு, எரியும் நகரம் எனப் பல இடங்களில் ஓடி இலக்கை அடைய வேண்டும்.

மூவரும் மூன்று விதமாக ஆடப்படுகின்றனர். சோனிக் வேகத்தை நம்புபவன். சில இடங்களில் அவன் தானாகவே அதிவேகத்தில் ஓட, ஆட்டக்காரர் திசை திருப்புவதையும் தாவுவதையும் மட்டும் கவனிக்க வேண்டும். ஷேடோ சண்டையில் வல்லவன், வண்டிகளையும் ஓட்டுவான். சில்வர் மெதுவாக நடப்பவன். மனோசக்தியால் பொருள்களைத் தூக்கி எறிவான், அந்தரத்தில் மிதப்பான். டெயில்ஸ், நக்கிள்ஸ், ஏமி போன்ற துணைப் பாத்திரங்களையும் சில இடங்களில் இயக்கலாம்.

வளையங்களின் பங்கு பழைய ஆட்டங்களில் இருந்தது போன்றதே. கையில் வளையம் இருக்கும்போது அடிபட்டால் வளையங்கள் சிதறும். வளையம் இல்லாதபோது அடிபட்டால் ஓர் உயிர் போகும். எல்லா உயிர்களும் தீர்ந்துவிட்டால் கட்டத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உருவாக்கம்

பணி 2004 இல் தொடங்கியது. அப்போது எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகிய இரண்டுமே சந்தைக்கு வரவில்லை. 2005 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் ஆட்டம் அறிவிக்கப்பட்டது. ஹவொக் என்ற இயற்பியல் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தி, பொருள்கள் இயல்பாக விழுவதும் மோதுவதும் உடைவதுமான உலகத்தை உருவாக்கப் போவதாகக் குழுவினர் கூறினர். முன்னோட்டப் படக்காட்சிகள் வியப்பூட்டின.

அதன்பின் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன.

முதலாவது, தலைமை விலகியது. முதல் ஆட்டத்திலிருந்தே சோனிக்கோடு இருந்த யூஜி நாகா, 2006 மார்ச்சில் சேகாவை விட்டு விலகி புரோப் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். சோனிக்கைத் தாண்டிப் புதிய ஆட்டங்கள் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். வெளியீட்டுக்கு எட்டு மாதங்களே இருந்தபோது இது நிகழ்ந்தது.

இரண்டாவது, குழு பிரிந்தது. நிண்டெண்டோவின் புதிய கருவியான வீக்கும் இந்த ஆட்டத்தைக் கொண்டுசெல்லும் எண்ணம் முதலில் இருந்தது. ஆனால் அதற்கு அதிக காலம் பிடிக்கும் என்று தெரிந்ததும், அக்கருவிக்கென்றே வேறோர் ஆட்டம் எழுத முடிவாயிற்று. சோனிக் டீமின் ஒரு பகுதியினர் அந்தப் பணிக்குச் சென்றனர். அது 2007 இல் சோனிக் அண்ட் த சீக்ரெட் ரிங்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. ஷுன் நகாமுரா இயக்குநராக இருந்த 2006 ஆட்டத்தின் குழு சிறுத்துப்போனது.

மூன்றாவது, நாள் நகரவில்லை. 15 ஆவது ஆண்டு நிறைவு 2006 இல்தான் வரும். மேலை நாடுகளில் ஆட்டங்கள் மிகுதியாக விற்பனையாகும் கிறிஸ்துமஸ் காலமும் நவம்பர், டிசம்பரில்தான் வரும். எனவே வெளியீட்டைத் தள்ளிப்போடச் சேகா விரும்பவில்லை.

2006 மே மாதம் இ3 கண்காட்சியில் ஆடிப்பார்க்கக் கிடைத்த மாதிரியிலேயே கேமரா, கட்டுப்பாடு பற்றிய குறைகள் கண்ணில் பட்டன. கண்டுபிடிக்கப்படாத குறைகள் அல்ல அவை. திருத்துவதற்கு ஆளும் நாளும் இல்லை என்பதே பிரச்சினை. பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. இங்கே பதற்றத்தைத் தவிர்க்க இடமே வைக்காமல் நாள் குறித்துவிட்டார்கள்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மென்பொருள் உருவாக்கத்தில் கடைசிக் கட்டம் என்பது மெருகூட்டும் கட்டம் மட்டும் அன்று. தனித்தனியாக எழுதப்பட்ட ஓவியம், ஒலி, இயக்கம், இயற்பியல், கதை ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முதன்முதலாக முழுமையாகத் தெரிவதே அப்போதுதான். மற்ற கட்டங்களில் ஒரு மாதம் குறைந்தால் ஒரு கட்டமோ ஒரு பாத்திரமோ குறையும். கடைசிக் கட்டத்தில் ஒரு மாதம் குறைந்தால் ஆட்டம் முழுவதும் ஆடும். நாள் மாறாது, ஆள் குறைவு என்றால் உள்ளடக்கத்தையாவது குறைத்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்திலோ மூன்று நாயகர்கள், பல துணைப் பாத்திரங்கள், நகரம், வண்டிகள், இருவர் ஆடும் முறை எல்லாம் அப்படியே இருந்தன. எல்லாம் இருந்தன, ஆனால் எல்லாமே அரைவேக்காடாக இருந்தன.

குறைகளும் அவற்றின் காரணங்களும்

நிரலில் உள்ள பிழையை வழு என்கிறோம். இந்த ஆட்டம் வழுக்களுக்காகவே பெயர்பெற்றது. அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

மோதல் கண்டறிதல்: ஆட்டத்தில் சுவர் என்பது கண்ணுக்குத் தெரியும் படம் மட்டுமே. பாத்திரம் அதில் மோதி நிற்க வேண்டும் என்றால், இரண்டும் தொடுகின்றனவா என்று கணினி கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கணினி இதை இடைவிடாமல் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒருமுறை பார்க்கிறது. வினாடிக்கு 30 சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் பாத்திரம் ஒரு சட்டகத்தில் 20 சென்டிமீட்டர் நகரும். அரை மீட்டர் தடிமன் உள்ள சுவரில் அது கட்டாயம் அகப்படும். ஆனால் வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு சட்டகத்தில் 2 மீட்டர் நகரும். ஒரு சட்டகத்தில் சுவருக்கு 1 மீட்டர் முன்னால் இருக்கும் பாத்திரம், அடுத்த சட்டகத்தில் சுவரையும் தாண்டி அரை மீட்டர் அப்பால் இருக்கும். இரண்டு சோதனையிலும் அது சுவரைத் தொடவில்லை. எனவே சுவரே இல்லாதது போலக் கடந்துவிடும்.

இது எல்லா வேக ஆட்டங்களுக்கும் பொதுவான சிக்கல். இரு நிலைகளுக்கும் நடுவே உள்ள பாதை முழுவதையும் சோதிப்பது போன்ற தீர்வுகளும் உண்டு. ஆனால் அவற்றை ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பொருளிலும் சரிபார்க்க வேண்டும். நாயகனே வேகத்துக்குப் பெயர்போனவன் என்னும்போது, இந்தச் சோதனை மற்ற ஆட்டங்களைவிட இங்கே பல மடங்கு தேவைப்படுகிறது. சோனிக் 06 இல் பாத்திரம் தரையைத் துளைத்து விழுவதும், சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதும், வட்டப் பாதையிலிருந்து வெட்டவெளியில் தூக்கி எறியப்படுவதும் ஆட்டக்காரர்கள் அடிக்கடி கண்ட காட்சிகள்.

கேமரா: முப்பரிமாண ஆட்டத்தில் ஆட்டக்காரர் எதைப் பார்க்கிறார் என்பதை முடிவுசெய்வது நாயகனைப் பின்தொடரும் கேமரா. இங்கே அது சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். சண்டையின்போது எதிரியைக் காட்டாமல் வேறு பக்கம் திரும்பிவிடும். அதிவேகப் பகுதிகளில் எதிரே வரும் தடை தெரிவதற்குள் மோதல் நிகழ்ந்துவிடும். ஆட்டக்காரர் தம் தவறால் தோற்றால் மீண்டும் முயல்வார். பார்க்க முடியாததால் தோற்றால் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிடுவார்.

காத்திருப்பு நேரம்: இது மிக அதிகமாகக் குறைகூறப்பட்ட அம்சம். நகரத்தில் ஒருவரிடம் பேசி ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால், முதலில் ஆட்டம் வட்டிலிருந்து தகவலை ஏற்றும். காத்திருக்க வேண்டும். பின்பு அந்த நபர் ஓரிரு வரி பேசுவார். மறுபடியும் ஏற்றம், மறுபடியும் காத்திருப்பு. அதன்பின்தான் வேலை தொடங்கும். அது சில சமயம் காத்திருந்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். அக்காலக் கருவிகளின் நினைவகம் சிறியது. எக்ஸ்பாக்ஸ் 360 இல் மொத்தமே 512 மெகாபைட்தான். ஆகவே எதை நினைவகத்தில் வைத்திருப்பது, எதை நீக்குவது என்று திட்டமிடுவது முக்கியமான வேலை. அந்த வேலை இங்கே முடிக்கப்படாமலே நின்றது.

ஊதா மணிக்கல்: கடையில் வாங்கும் இந்தக் கல் சோனிக்கைச் சிறிய உருவமாக மாற்றும். அந்நிலையில் அவன் அந்தரத்திலேயே மீண்டும் மீண்டும் தாவலாம். திறனைப் பயன்படுத்தும்போது குறைய வேண்டிய ஆற்றல் அளவு இங்கே குறைவதில்லை. ஆதலால் ஆட்டக்காரர் கட்டம் முழுவதையும் வானில் மிதந்தே கடந்துவிடலாம். கட்டங்களை வடிவமைத்தவர்களின் உழைப்பு மொத்தமும் இந்த ஒரு சிறு விடுபடலால் பொருளற்றுப் போகிறது.

சில்வருடனான சண்டை: சோனிக்காக ஆடும்போது சில்வர் எதிரியாக வருவான். அவன் மனோசக்தியால் சோனிக்கைப் பிடித்து எறிவான். எழுவதற்குள் மறுபடி பிடிப்பான். வளையம் தீர்ந்து உயிர் போகும்வரை இப்படியே தொடர வாய்ப்புண்டு. அப்போது அவன் கூறும் ஒரே வசனம் இணையத்தில் கேலிப்பொருளாகவே ஆகிவிட்டது. அதேபோலச் சில்வரின் பாலைவனக் கட்டத்தில், ஒரு பெரிய பந்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் தட்டிக் குழிக்குள் சேர்க்கும் புதிரும் பலரின் பொறுமையைச் சோதித்தது. பந்தின் இயக்கம் முன்கூட்டிக் கணிக்கும்படி இல்லாததே அதற்குக் காரணம். வியப்பூட்டும் என்று முன்னோட்டத்தில் காட்டப்பட்ட இயற்பியலே இங்கே ஆட்டக்காரருக்கு எதிரியாயிற்று.

வரவேற்பு

விமர்சகர்கள் ஆட்டத்தைக் கடுமையாகச் சாடினர். பல இதழ்களின் மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில், எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புக்கு 100 க்கு 46 மதிப்பெண்ணும் பிளேஸ்டேஷன் 3 பதிப்புக்கு 43 மதிப்பெண்ணும் கிடைத்தன. பிளேஸ்டேஷன் 3 பதிப்பு வட அமெரிக்காவில் இரண்டரை மாதம் கழித்து வந்தும், பெரும்பாலான குறைகள் களையப்படவில்லை என்பது கூடுதல் ஏமாற்றம்.

கேமரா, காத்திருப்பு நேரம், வழுக்கள், கட்டுப்பாடு, கதை ஆகிய ஐந்தும் ஏறக்குறைய எல்லா விமர்சனங்களிலும் இடம்பெற்றன. மிக மோசமான நிகழ்பட ஆட்டங்களின் பட்டியல்களில் இதன் பெயர் இன்றும் அடிக்கடி வருகிறது. ஆனால் இதைவிட மோசமாக எழுதப்பட்ட ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. அவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஏனெனில் அவற்றிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இங்கே ஏமாற்றம் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த நம்பிக்கை. பெயரைப் பார்த்து வாங்கியவர்களில் பலர் சிறுவர்கள். விமர்சனம் படித்து வாங்கும் வயதினர் அல்லர்.

பாராட்டப்பட்ட அம்சங்கள்

இசை பெரிதும் பாராட்டப்பட்டது. டொமோயா ஓட்டானி தலைமையில் அமைந்த இசையில், சோனிக், ஷேடோ, சில்வர் ஆகிய மூவருக்கும் தனித்தனிப் பாடல்கள் உண்டு. எரியும் நகரத்தின் இசையையும் பாழடைந்த கோட்டைப் பள்ளத்தாக்கின் இசையையும் ஆட்டத்தை வெறுப்பவர்களும் விரும்பிக் கேட்கின்றனர். முதல் இரு சோனிக் ஆட்டங்களுக்கு இசையமைத்த மசாட்டோ நகாமுரா உறுப்பினராக உள்ள டிரீம்ஸ் கம் ட்ரூ இசைக்குழுவின் பாடல் ஒன்றும் புதிய வடிவில் இதில் இடம்பெறுகிறது.

சில்வர் என்ற பாத்திரமும் நிலைத்துவிட்டான். பின்வந்த பல சோனிக் ஆட்டங்களில் அவன் இடம்பெற்றான். மூன்று நாயகர்களுக்கும் மூன்று வேறு ஆட்டமுறை என்ற எண்ணமும் தவறானதன்று. ஒரே இடத்தை மூன்று கோணங்களில் ஆடவைப்பது, நேரம் இருந்திருந்தால் இந்த ஆட்டத்தின் பெருமையாகவே ஆகியிருக்கக்கூடும்.

பின்விளைவுகள்

இந்த ஆட்டத்துக்கு நேரடித் தொடர்ச்சி எழுதப்படவில்லை. சோனிக் டீம் வேறு வழியில் சென்றது. 2008 இல் வந்த சோனிக் அன்லீஷ்ட் ஆட்டத்துக்கெனப் புதிய நிரல் அடித்தளம் ஒன்றை எழுதியது. அந்த ஆட்டம் கலவையான வரவேற்பையே பெற்றாலும், வேகமாக ஓடும் அதன் பகல்நேரக் கட்டங்கள் பாராட்டப்பட்டன. அந்தப் பகுதியைச் செம்மைப்படுத்தி எழுதிய சோனிக் கலர்ஸ் (2010), சோனிக் ஜெனரேஷன்ஸ் (2011) ஆகியவை நற்பெயரை ஓரளவு மீட்டுத் தந்தன.

2010 இல் சேகா ஒரு முடிவெடுத்தது. மெட்டாகிரிட்டிக் மதிப்பெண் குறைவாக உள்ள சோனிக் ஆட்டங்களை விற்பனையிலிருந்து விலக்கியது. நல்லவை மட்டும் கடையில் இருந்தால் பெயரின் மதிப்பு உயரும் என்பது கணக்கு. சோனிக் 06 உம் அவ்வாறு விலக்கப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டே, இருபதாவது ஆண்டு நிறைவாக வந்த சோனிக் ஜெனரேஷன்ஸில், பழைய ஆட்டங்களின் கட்டங்களைத் திரும்ப வரைந்தபோது, 2006 ஆட்டத்தின் எரியும் நகரக் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டனர். அதே இடம், அதே இசைக் கரு. நேரம் எடுத்துச் செய்யப்பட்டபோது அது ஆடுவதற்கு இனிமையாக இருந்தது.

இரசிகர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். யூனிட்டி என்ற ஆட்ட உருவாக்க மென்பொருளைக் கொண்டு, இதே ஆட்டத்தைக் கணினிக்காக மறுபடி எழுதும் பணியை ஓர் இரசிகர் தொடங்கினார். புரொஜெக்ட் 06 என்று அழைக்கப்படும் அந்த முயற்சியில், பாத்திரங்களின் இயக்கம் சீராகவும் காத்திருப்பு நேரம் மிகக் குறைவாகவும் இருக்கிறது. மூல ஆட்டத்தின் கருத்துகளில் குறை இல்லை, நிறைவேற்றத்தில்தான் குறை என்று வாதிடுவோர் இதையே சான்றாகக் காட்டுகின்றனர்.

சோனிக் பெயரில் வெளியீட்டை ஒத்திவைத்த நிகழ்வும் பின்னாளில் நடந்தது. 2019 இல் பாரமவுண்ட் நிறுவனத்தின் சோனிக் திரைப்பட முன்னோட்டம் வெளியானபோது, நாயகனின் தோற்றம் கண்டு இரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். தயாரிப்பாளர்கள் 2019 நவம்பரில் வரவிருந்த படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளிவைத்து, பாத்திரத்தை மறுபடி வடிவமைத்தனர். படம் வெற்றி பெற்று அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. 2022 இல் வெளிவந்த சோனிக் ஃபிராண்டியர்ஸ் ஆட்டமும் முதலில் முப்பதாவது ஆண்டு நிறைவான 2021 க்குத் திட்டமிடப்பட்டு, தரத்தை உயர்த்துவதற்காக ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 2006 இல் எடுக்கப்படாத முடிவு, இந்த இரு முறையும் எடுக்கப்பட்டது.

நிகழ்பட ஆட்ட உருவாக்கம் பயிலும் மாணவர்களுக்குச் சோனிக் 06 ஒரு பயனுள்ள பாடப்பொருள். மோதல் கண்டறிதல், கேமரா இயக்கம், நினைவக மேலாண்மை, பணித் திட்டமிடல் ஆகிய நான்கும் பிழைபட்டால் என்ன ஆகும் என்பதை ஒரே ஆட்டத்தில் காணலாம். அதே ஆட்டத்தில் நல்ல இசையையும், நிலைத்து நின்ற ஒரு பாத்திரத்தையும், பிறர் மீண்டும் எழுதத் துணியும் அளவுக்கு விரும்பிய கட்டங்களையும் காணலாம். திறமை இல்லாதவர்கள் செய்த ஆட்டம் இது என்று கூற முடியாது. திறமையானவர்களுக்கு உரிய நேரம் கொடுக்கப்படாத ஆட்டம் என்பதே பொருத்தமான மதிப்பீடாக இருக்கும்.